சன்னல் வெயிலில் மிதந்த தூள்

அல்சூர் ஏரிப் பக்கம் எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை படரும். "சன்னலைத் திறந்து வைங்க சார், காத்து வந்தா போயிடும்" என்றார் வீட்டுக்காரர். சன்னலோ பல காலத்துப் பெயிண்ட் ஏறி, சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு ஞாயிறு காலை உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

நீலம் போய்ப் பச்சை வந்தது, பச்சைக்கு அடியில் மஞ்சள். எத்தனை குடும்பங்கள் இங்கே நின்று மழை பார்த்திருக்கும்? கை அது பாட்டுக்குத் தேய்த்தது, மனசு எங்கோ போய்விட்டது. வெயிலில் தூள் பொன்னாய் மிதந்தது. பத்து மாதப் பேத்தி அதைப் பிடிக்கத் தவழ்ந்து வந்தாள். அழகாகத்தான் இருந்தது.

எதிர் மாடியிலிருந்து அந்தோணி கத்தினார். அடுகோடிப் பக்கம் ஒரு பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்.

"அண்ணே, நிறுத்துங்க! பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும். மொதல்ல புள்ளையத் தூக்குங்க!"

"வெறும் தூசிதானே அந்தோணி?"

"அந்தத் தூசிதான் வெஷம். ரசிக்கிறதெல்லாம் அப்புறம், தூக்குங்கண்ணே!"

தூக்கியபோது அவள் விரல் வாயில் இருந்தது. வெளியே எடுத்தால், நுனியில் நீலம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈயம் பயப்படும் அளவில் இல்லை என்றார் டாக்டர். வீட்டுக்காரர் சன்னலையே மாற்றித் தந்தார்.

இப்போது பழைய பெயிண்ட்டில் உப்புத்தாள் வைப்பதில்லை. உதிர்ந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறேன். வெயிலில் தூசி மினுங்கினால் இன்னும் மயங்கி நிற்பேன்தான். ஆனால் குழந்தையின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு.