செருப்பு போதும் என்றவர்

இன்று காலை தின்கன்ஜூன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கோ செல்வம், அதாவது செல்வம் அண்ணன். போன வாரம் எங்களை ஷான் மலைக்குக் கூட்டிப்போனவர். அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்க, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பூட்ஸ் எதுக்கு தங்கச்சி? உச்சியில பயா கோயில் இருக்கு, எப்படியும் கழட்டணும். செருப்பு போதும்."

எங்களிடமும் இதையேதான் சொன்னார். நம்பி, உறைபனி படிந்த புல்லில் மூன்று மணி நேரம் ரப்பர் செருப்போடு ஏறினோம். மேலே புத்தர் கோயிலில் காலுறையையும் கழற்றிவிட்டு நின்றோம். தரையெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. என் இரண்டு கால்விரல்கள் இன்னும் மரத்தே கிடக்கின்றன.

"ரொம்பக் குளிருமாண்ணே?" என்றாள் அந்தப் பெண்.

"சும்மா ஜில்லுன்னு இருக்கும். பாரு, உச்சியில எடுத்தது" என்று போனை நீட்டினார்.

எட்டிப் பார்த்தேன். நான் எடுத்து எங்கள் பயண குரூப்பில் போட்ட சூரிய உதயம்!

"அது நான் எடுத்த படம். அப்போ நீங்க எங்க இருந்தீங்க கோ செல்வம்?"

"கீழ வேன யாராவது பாத்துக்கணுமில்ல, மா வள்ளி?"

ஆமாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கம்பளிக்குள்.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் மேலே ஏறாமல் வேனிலேயே இருக்க இடம் கேளுங்கள். அங்கேதான் சும்மா ஜில்லென்று இருக்குமாம்.