மில்காரரின் காலை ஓட்டம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில், நான் காலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் டீக்கடைக்கு அவர் சைக்கிளில் வருவார். நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்தவர். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். கூடவே ஓடிவரும் நாய், லாப்ரடாருக்கும் ராஜபாளையம் நாய்க்கும் பிறந்த கலப்பு. ஓடவிடாத நாளில் வீட்டில் கண்டதையெல்லாம் கடித்துக் குதறிவிடுமாம். டீ ஆறும்வரை சைக்கிள் கைப்பிடியில் தலை சாய்த்து அவர் கண்ணயர்வார்.

“காவலுக்கு ஆகுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க சார்! திருடன் வந்தா அவன் செருப்பையே கவ்விக் கொண்டாந்து கொடுக்கும்.”

தூங்கவேண்டிய நேரத்தில் நாயை ஓடவிட்டு, அந்தத் தூக்கக் கலக்கத்தில் இயந்திரத்தில் கை சிக்கினால் குடும்பம் என்னாகும் என்று அஞ்சினேன். வத்திராயிருப்பில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் நண்பரிடம் நாயைக் கொடுத்துவிடுமாறு சொன்னேன்.

“அவிய கட்டிப் போடுவாகளோ?”

“பகலில் மட்டும்.”

வெகுநேரம் யோசித்துச் சம்மதித்தார். நண்பர் வந்து நாயை அழைத்துச் சென்றார்.

மறுநாள் காலையிலும் அதே நேரத்துக்குச் சைக்கிள் வந்தது. அன்று அவர் தலை சாய்க்கவில்லை.

“இன்னைக்குத் தூக்கம் வரலையா?”

“நேத்து பகலெல்லாம் படுத்துப் பாத்தேன் சார். வர மாட்டேங்கு.”

டீயைக் குடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் வத்திராயிருப்புப் பக்கமாக மிதிக்கத் தொடங்கினார். அவ்வளவு தூரம் போய்வர அந்த உடம்பில் வலு எங்கே மிச்சமிருந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.