சினை இல்லை என்று நான் சொன்ன பசு

எனக்கு வாய் நீளம், கை குட்டை. கால்நடை மருத்துவம் படிக்கிறவளுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வாய்க்கக் கூடாது. மாடு சினையா இல்லையா என்று பார்க்க, தோள்வரை நீளும் கையுறையைப் போட்டுக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கையை உள்ளே விட வேண்டும். குடலின் சுவரைத் தாண்டி, அடியில் இருக்கும் கருப்பையை விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். உயரமான பையன்கள் நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நான் நுனிக்காலில் நின்று, கன்னத்தில் சாணியோடு திரும்பி வருவேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவரின் மகள் நான். கல்லூரியில் சேரும்வரை ஒரு மாட்டைத் தொட்டதில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, இது கிடைத்தது. மாட்டுக்கு ஊசி போடவா அஞ்சரை வருஷம் என்று கேட்ட சொந்தக்காரர்களோடெல்லாம் சண்டை போட்டேன். அரசு மருத்துவராகலாம், தீவனக் கம்பெனிக்குப் போகலாம், பாங்கில் விவசாய அதிகாரியாகலாம், பெங்களூரில் நாய்களுக்குக் கிளினிக் வைக்கலாம், காட்டு யானைக்கே வைத்தியம் பார்க்கலாம் என்று மூச்சு விடாமல் சொல்வேன். ஆனால் என் பெட்டிக்குள் இருந்தது பாங்கு பரீட்சைப் புத்தகம். இந்தக் கையை வைத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் காலம் தள்ள முடியாது என்று உள்ளுக்குள் முடிவு செய்திருந்தேன்.

கடைசி வருடப் பயிற்சிக்கு அரூர் பக்கம் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் போட்டார்கள். ஒருநாள் டாக்டர் பக்கத்து ஊரில் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தபோது ஒரு அக்கா செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். சினை ஊசி போட்டு நாலு மாதமாம். முன்பு இரண்டு முறை போட்டும் நிற்கவில்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் மறுநாள் சந்தையில் விற்றுவிடுவதாக அவர் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பால் வற்றிப்போன மாட்டை வேறு யார் வாங்குவார்கள், கறிக்குத்தான் போகும்.

கையை விட்டுத் துழாவினேன். எதுவும் தட்டுப்படவில்லை. டாக்டர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கெட்டுப்போகுமே என் கெத்து! "சினை இல்லைங்க" என்றேன். ஊசி போட்ட நாளிலிருந்து மாடு ஒரு தடவைகூடக் கத்தவில்லையே, பருவத்துக்கு வரவே இல்லையே என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சில மாடுகள் கத்தாமலும் பருவத்துக்கு வரும் என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்து அவர் வாயை அடைத்தேன். பசுவை ஓட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் தருமபுரி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் மண்டையில் அடித்தாற்போல அது உறைத்தது. வெறும் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே கிடக்கும், எவ்வளவு குட்டைக் கையானாலும் அகப்படும். கன்று வளர வளரத்தான் அதன் கனம் கருப்பையை வயிற்றுக்குள் கீழே இழுத்துக்கொண்டு போகும். என் கைக்கு ஒன்றுமே அகப்படவில்லை என்றால், அந்தப் பசு அநேகமாகச் சினை. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். மருந்தகத்தில் பதிவேட்டை எழுதும் உதவியாளரிடம் போனில் கேட்டு அந்த வீட்டு நம்பருக்கு நாலைந்து முறை போட்டேன், சுவிட்ச் ஆஃப். டாக்டருக்குப் போட்டு நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், "அரூருக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அக்கா வீட்டு முன்னால் குட்டியானை சரக்கு வண்டி நின்றது. பலகை போட்டுப் பசுவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னங்கால் இரண்டும் பலகையில் இருந்தன.

"நேத்து நான் சொன்னது தப்புன்னு தோணுதுங்க. இன்னொரு தடவ பாக்க விடுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் கயிற்றை விடவில்லை. "நேத்து இல்லன்னீங்க. இன்னிக்கி இருக்குன்னா, எதங்க நம்பறது?"

வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதச் சொல்லவா அவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் போய்க் கயிற்றை வாங்கிப் பசுவைக் கீழே இறக்கினார்.

வேப்பமரத்தில் கட்டி, எனக்கு ஒரு ஹாலோ பிளாக் கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன்மேல் ஏறி நின்று, தோள் முட்டும்வரை கையை விட்டேன். இந்த முறை அவசரப்படவில்லை. கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் விரலுக்கு அகப்பட்டது. மற்ற நாடி தட்டும். இது அதிர்ந்தது. தண்ணீர் ஓடும் ஹோஸ் பைப்பை லேசாக அழுத்திப் பிடித்தால் உள்ளே குறுகுறுக்குமே, அப்படி. உள்ளே கன்று இருந்தால் மட்டுமே அந்த அதிர்வு வரும்.

"இருக்குங்க" என்றேன். கை இன்னும் பசுவுக்குள் இருந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் முடியவில்லை. அக்கா அந்தப் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் போய் வண்டியை அனுப்பிவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கைக்கு அவரே ஊற்றினார்.

அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை நாலு கேள்வி கேட்டிருப்பேன், ஊரையே கூட்டியிருப்பேன். அவர்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்று இதே மாவட்டத்தில் அரசு கால்நடை மருத்துவராக இருக்கிறேன். அஞ்சரை வருடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றிக்கடன் பட்டவள்தான். ஆனால் பாங்கு பரீட்சைப் புத்தகத்தை ஜூனியருக்குக் கொடுக்க வைத்தது அந்த அக்காதான், அதுவும் அடுத்த வாரமே.

அந்த வாரத்தில் ஒருநாள் மருந்தகத்தில் நல்ல கூட்டம். அக்கா தன் இன்னொரு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். டாக்டர் இருந்தார், அதனால் நான் ஊசி மருந்துப் பெட்டி பக்கம் ஒதுங்கி நின்றேன். அக்காவின் முறை வந்ததும் டாக்டர் கையுறையை எடுத்தார்.

"சார், அந்தப் பொண்ணே பாக்கட்டுங்க" என்றார் அக்கா. "தப்புன்னா வூடு தேடி வந்து சொல்லிருவாங்க."

டாக்டர் கையுறையை என்னிடம் நீட்டினார்.