பாதியில் நின்ற படிப்பு

என் மனைவியின் அஸ்தியைக் கரைக்கத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு என்னை அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநருக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். ஒடுங்கிய முகம், காக்கிச் சட்டையின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் வேகத்தைக் குறைத்து, என் மடியிலிருந்த கலயத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

வெளிநாட்டிலிருக்கும் என் மகன், "ஒன்பது மணிக்கு மீட்டிங்ப்பா, அதுக்குள்ள வீடியோல காட்டிடுங்க" என்றிருந்தான். நான் காட்டவில்லை.

சிற்றாற்றில் கரைத்துவிட்டுக் கரையேறும்போது தண்ணீரைத் திரும்பிப் பார்க்கப் போனேன். ஓட்டுநர் முழங்கையைப் பற்றினார். "திரும்பிப் பாக்கக் கூடாது சார். கல்லு வழுக்கும், நான் பிடிச்சுக்கிடுதேன்."

மேலே, கல்லூரி மாணவர்கள் கூச்சலிட்டபடி அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்லூரிதான் இளைஞர்களைப் பக்குவப்படுத்துகிறது என்று முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான்.

"தம்பி படிக்கலையா?"

"ரெண்டாம் வருசத்தோட நின்னுட்டேன் சார். அப்பாவுக்குக் கைகால் விழுந்துட்டு."

"இவங்களவிட உங்களுக்குத்தான் பக்குவம் இருக்கு."

"அத வச்சு என்ன சார் செய்ய? அவனுவளப் பாத்தா வயிறு எரியுது. ஒரு நாளாவது இப்படிக் கத்திக்கிட்டுக் குளிக்கணும்."

அவருடைய கைபேசி ஒலித்தது. "வந்துட்டேம்ப்பா. நீங்க எந்திரிக்காதீங்க, கஞ்சி நான் வந்து தாரேன்."

அவர் பொறாமைப்பட்ட மாணவர்களை நான் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கோ படுத்தபடி மகனிடம் பசிக்கிறது என்று சொல்ல முடிந்த அந்த நோயாளியின்மீது எனக்கு எழுந்த பொறாமை இன்னும் அடங்கவில்லை.