மாமரத்தடி சிமெண்ட்

கரமனை வீட்டு மாமரத்தின் உச்சிக் கிளைகள் காய்ந்துவிட்டன. "பட்டுப்போச்சும்மா, வெட்டிடலாம், கேட்டோ" என்றான் மகன். நான் பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை. மாம்பால் வாசனை மூக்கில் ஏறியது.

என் சிறுவயதில் அப்பா முற்றம் முழுக்கச் சிமெண்ட் பூசியபோதும் இந்த மரம் இப்படித்தான் இலை கொட்டியது. அம்மா அம்மிக் குழவியைத் தூக்கிவந்து மரத்தைச் சுற்றிச் சிமெண்டை உடைத்தாள். "வேர் மூச்சு விட வேண்டாமோ?" அன்றைய துவையலில் சிமெண்ட் கடிபட்டது. அப்பா மென்று விழுங்கினார். அடுத்த மழைக்கு மரம் துளிர்த்தது.

இப்போது கார் நிறுத்த மகன் பதித்த டைல்ஸ் அடிமரத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. கடப்பாறையை எடுத்து முதல் கல்லை நெம்பினேன்.

"அம்மா, அப்ப கார எங்க விடறது?"

"ரோட்டுல விடு."