அத்தை ஆட்டிய நீல வெளிச்சம்

நனைந்த கூழாங்கற்கள் ஒன்றையொன்று இடிப்பதுபோன்ற அந்த ஓசை, எழுபதுகளின் ஒரு மழைக்காலம் முழுக்க, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து சாயங்காலங்களில் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா இறந்தபின் எங்களோடு வந்துவிட்ட அப்பாவின் அக்கா, செல்லம் அத்தை, அங்கேதான் வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் ஒரு கண்ணாடிக் குடத்தை வைத்திருந்தாள். உப்பிய வயிறும் அதிலிருந்து வளைந்து பிதுங்கும் ஆறு கைகளுமாக இருந்த அதைத் தெருப்பிள்ளைகள் நாங்கள் "பூதக்குடம்" என்போம். மெட்ராஸில் டிராம் ஓடிய காலத்தில், வண்டிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக்கொடுத்த குடம் அது. டிராம் நின்றபோது அங்கே வேலைபார்த்த மாமா, உடைக்கப்போனவர்களிடம் கேட்டு வாங்கிவந்தாராம். அதன் அடியில் பாதரசம் கனத்துக் கிடந்தது.

கரண்டு போன ஒரு சாயங்காலம் எங்கள் பின்னறை ஜன்னலில் வெளிறிய நீல வெளிச்சம் நடுங்குவதை எதிர்வீட்டு சரோஜாக்கா பார்த்துவிட்டாள். மறுநாளே அவள் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு, கையில் ஓர் இரும்புக் கம்பியோடு வந்து நின்றாள்.

"செல்லக்கா, அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் இருக்கார். உடைச்சிரணும்."

அப்பாகூட, "காயல்ல போட்டுரலாமே" என்றார்.

அத்தை பெட்டியைக் கட்டிக்கொண்டாள். "உடைச்சா உள்ள இருக்கறது விஷம். மொதல்ல உன் குழந்தைக்குத்தான் கேடு. எல்லாரும் உள்ள வாங்க. மோளே, கதவைச் சாத்து."

சாத்தினேன். தொட்டிலை ஆட்டுவதுபோல் அவள் பெட்டியைச் சாய்க்க, பாதரசம் புரளும் அந்தக் கூழாங்கல் ஓசையோடு குடத்துக்குள் நீலம் எழுந்தது. எல்லோர் முகமும் பிணம்போல் வெளுத்தது; என் கையே எனக்கு வேறு யாருடையதோபோல் தெரிந்தது.

"பேயுமில்ல, கரண்டுமில்ல. காத்தில்லாத கண்ணாடியில பாதரசம் உரசினா இப்படித்தான் மின்னும். அவர் காட்டித் தந்தது."

"அப்ப தினம் எதுக்கு ஆட்டணும்?" என்றாள் சரோஜாக்கா.

அத்தை பெட்டியை மெல்ல நிமிர்த்தினாள். "ஆட்டினா, அவர் கூடவே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. சரோஜாக்கா கம்பியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். ஆஸ்பத்திரி மருந்தில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் இருட்டியபின் எங்கள் ஜன்னல் பக்கம் யாரும் வரவில்லை.

எண்பதுகளில் அத்தை போனபின், அப்பா குடத்தை ஒரு கல்லூரிக்குக் கொடுத்தார். வீடிருந்த இடத்தில் இன்று தங்கும் விடுதி, சரோஜாக்காவும் இல்லை. போன மாதம் கல்லூரிக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்குள், இரும்புப் பட்டையால் இறுக்கி, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை சாய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தொடான் பாடில்ல, சேச்சி" என்று கையை நீட்டித் தடுத்தார் காவலர்.