இடது மூக்குக்கு ஒன்று, வலது மூக்குக்கு ஒன்று

வளைகுடா நாட்டுத் தேராவில் ஓர் அத்தர் கடையில் விற்பனையாளனாக இருந்த எனக்குத் தூசுக்காற்று மாதத்தில் மூக்கு செத்துவிட்டது. பத்து நாளில் முதலாளி என்னைச் சோதிப்பதாகச் சொல்லியிருந்தார். கண்ணை மூடி வாசனை சொன்னால் அத்தர் கலக்கும் கலவை மேசை எனக்கு. ஆறு வருடமாக அந்த மேசையின் நாற்காலியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

டாக்டர் அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த ஸ்பிரே ஒன்றை எழுதிக் கொடுத்தார். ரூமில் பக்கத்துக் கட்டில்காரர், சிவகங்கை எலெக்ட்ரீஷியன், அவரும் தும்மல் கேஸ். அவருடைய டாக்டர் கொடுத்தது வேறு கம்பெனியின் கூட்டு மருந்து. எது உசத்தி என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். என்னுடையது இடது மூக்கில், அவருடையது வலது மூக்கில். அண்ணாந்து, பொடி போடுகிறவர் மாதிரி விர்ரென்று உறிஞ்சினேன். இடப்பக்கம் வேப்பெண்ணெய் குடித்த கசப்பு.

“கசக்குதுல்ல? அப்ப அதுதான்டா வேலை செய்யுது,” என்றார் அவர், டாக்டரே தோற்றுப்போகும் தெம்போடு.

எனக்கும் அதில் துளி சந்தேகமில்லை. கசக்காத மருந்தை எந்த ஊரில் மருந்து என்பார்கள்? ஐந்து நாள் அந்தக் கசப்பைச் சகித்தேன். மல்லிகை அத்தரும் குழாய்த் தண்ணீரும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. பயந்துபோய் மருந்துக்கடைக்கு ஓடினேன். அங்கிருந்த யாழ்ப்பாணத்து அக்கா எங்கள் ஆராய்ச்சியைக் கேட்டுவிட்டு, முதலில் ஒரே ஸ்பிரேயை இரண்டு பேர் மூக்கில் வைத்ததற்குத் திட்டினார்.

“தம்பி, கசக்குதெண்டா மருந்து தொண்டைக்குள்ள போகுது. தலையைக் குனியுங்கோ. மெல்ல மூச்சு இழுத்தாக் காணும், உறிஞ்ச வேண்டாம்.”

இரண்டுமே நல்ல மருந்துதானாம். ஐந்து நாளாக மூக்கு மருந்தை வயிற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் சிரிப்பு வந்தது. அன்று முதல் என் ஸ்பிரே மட்டும், பவ்யமாகக் குனிந்து. நான்காம் நாள் காலை ரூமில் யாரோ வெங்காயம் தாளித்தார்கள். வாசனை எனக்குத் தெரிந்தது! அடுப்படிக்கு ஓடி வாணலிக்கு மேல் முகத்தை நீட்டினேன். பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும்.

மறுநாள் முதலாளி என் கண்ணைக் கட்டி, அத்தர் தோய்க்கும் அட்டைக் கீற்றுகளை மூக்கருகில் நீட்டினார். ரோஜா என்றேன், சந்தனம் என்றேன், ஊத் என்னும் அகில் என்றேன். நான்காவதில் ஒன்றுமே வரவில்லை. பிழை மூக்கிலா, அட்டையிலா? மூச்சை மெல்ல இழுத்தேன். வெறும் காகித வாசனை.

“மாஃபி,” என்றேன், ஒன்றுமில்லை என்று அரபியில்.

பிறகு கலவை மேசை நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, எனக்காக.